தேற்றுவோரைத் தேற்றுவார் யார்?

புற்றுநோயால் ஒருவர் இறந்தால் உற்றாரும் அண்டை அயலாரும் திரண்டு வந்து அக்குடும்பத்தாரைத் தேற்றுகின்றனர். அழுவதற்கு அங்கே இடமும் உண்டு, நாளும் உண்டு. ஆயின், இறுதி மூச்சு வரை உடனிருந்து, வலிக்கு மருந்தளித்து, வறண்ட உதட்டை நீரால் நனைத்த செவிலியரைத் தேற்றுவார் யார்? அடுத்த கட்டிலில் மற்றொருவர் காத்திருக்கிறார். அவருக்கு அழவும் நேரமில்லை.

குணப்படுத்த இயலாத நிலையிலும் நோயாளியின் துன்பத்தைக் குறைக்க இயலும் என்பதே தணிப்புச் சிகிச்சையின் அடிப்படை. செவிலியராகப் பயின்று பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். வலி உடலோடு நிற்பதன்று. உள்ளம், சுற்றம், ஆன்மா ஆகியவற்றையும் பற்றுவது என்று அவர் உணர்த்தினார். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி இன்று ஊர்தோறும் பரவியுள்ளது. நோயாளியின் வலிக்கு நான்கு முகங்கள் உண்டென அறிந்த நாம், செவிலியரின் வலிக்கு ஒரு முகமேனும் உண்டென எண்ணிப் பார்த்தோமா?

பிற பிரிவுகளில் நலம்பெற்று வீடு திரும்புவோர் பலர். இங்கோ, பல வாரங்கள் பழகிய முகங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. நோயின் உண்மையை நோயாளியிடம் கூறவேண்டா எனக் குடும்பத்தார் கேட்டுக்கொள்கின்றனர். நள்ளிரவில் அந்நோயாளியே, "நான் பிழைப்பேனா?" என்று வினவுகிறார். பொய்யுரைக்கவும் இயலாது, மெய்யுரைக்கவும் உரிமையில்லை. இத்தகைய இரவுகள் எத்தனை!

"நாளடைவில் பழகிவிடும்" என்பார் உளர். நாம் அதை ஏற்பதற்கில்லை. பழகிய மனம் என்று நாம் கருதுவது பல வேளைகளில் மரத்துப்போன மனமே. ஆற்றல் வறண்டு, பணியில் பற்றறுந்து, செயல்திறன் குன்றும் நிலையைப் பணி சார்ந்த ஒரு நிகழ்வாகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. அது தனியொருவரின் பலவீனமன்று. பணிச்சூழலோடு பிணைந்த இடர். அதன் விளைவை நோயாளியும் சுமக்க நேரிடும்.

செவிலியரைத் தியாகத்தின் திருவுருவம் எனப் போற்றுகிறோம். அப்புகழ்ச்சியே, "களைத்துவிட்டேன்" என்று சொல்லவொட்டாமல் அவர் வாயை அடைத்துவிடலாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் புற்றுநோயால் 1995இல் மறைந்த வழக்கறிஞர் கென்னத் சுவார்ட்சின் பெயரால் ஓர் அமைப்பு எழுந்தது. மருத்துவரும் செவிலியரும் பிற பணியாளரும் ஒன்றாக அமர்ந்து, தம் பணி தரும் மனச்சுமையை மனந்திறந்து பகிரும் கூட்டங்களுக்கு அது வழிவகுத்தது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

பணிநேரத்திற்குள்ளேயே மாதம் ஒருமுறை இத்தகைய கூட்டம், ஓர் இறப்புக்குப்பின் சிறிது ஓய்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற செவிலியர், இரகசியம் காக்கும் மனநல ஆலோசனை ஆகியவற்றை மருத்துவமனைகள் கடமையாகக் கொள்ளவேண்டும். மாணவர்களே! பெரியோர்களே! நம் நோயாளியைக் காணச் செல்லும்போது, அருகில் நிற்கும் செவிலியரிடமும் "நீங்கள் நலமா?" என்று கேட்போம். அவர் விடை கூறும் வரை நின்று கேட்போம்.