ஸ்பிரிங்க்ளர் நனைத்த போர்வையைத் தூக்கி எறியாதீர்கள்



உங்களில் பலர் இப்போது பத்து மாடி, இருபது மாடிக் குடியிருப்புகளில் இருக்கிறீர்கள். கூரையில் சின்னக் கண்ணாடிக் குமிழோடு தொங்குகிறதே, அந்தத் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் பற்றித்தான் இன்றைய பதிவு. தீயைப் பற்றி அல்ல, தீ அணைந்த பிறகு நாம் அவசரத்தில் செய்கிற காரியங்களைப் பற்றி.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பூஜை விளக்கிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது, ஸ்பிரிங்க்ளர் திறந்து தீ அணைந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அவள் பாட்டி தைத்த போர்வை முழுக்க நனைந்துவிட்டது. தன் பழைய நூல் சேலைகளை அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பாட்டி தைத்த போர்வை அது. பாட்டி இப்போது இல்லை. வீட்டில் ஒருவர், "தூக்கிப் போடு, புதுசு வாங்கிக்கலாம்" என்கிறார். இன்னொருவர், "பிளீச்சிங் போட்டு மெஷின்ல போடு, பளிச்சுன்னு ஆயிடும்" என்கிறார். "நான் என்ன செய்யட்டும் சார்?" என்று கேட்டாள்.

இரண்டுமே தவறு என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

வகுப்பில் துருப்பிடிக்கும் சோதனை செய்தோமே, நினைவிருக்கிறதா? ஆணி துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஸ்பிரிங்க்ளர் குழாய் பெரும்பாலும் இரும்புக் குழாய். அதற்குள் தண்ணீர் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. அதில் இரும்பு கரைகிறது, கறுப்புக் கசடு சேர்கிறது, கிருமிகள் வளர்கின்றன. குழாய்க்கு மரை வெட்டியபோது ஊற்றிய எண்ணெயும் அதில் இருக்கலாம். அதனால்தான் முதலில் கறுப்பாகக் கொட்டுகிறது, சில நேரம் அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கிறது. குளிர் நாடுகளில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு செய்தி: அங்கே சில கட்டடங்களில் தண்ணீர் உறையாமலிருக்க கிளிசரின் போன்ற திரவத்தையும் கலந்திருப்பார்கள்.

ஆக, அது பார்க்கத் தண்ணீர்தான், ஆனால் நல்ல தண்ணீர் அல்ல. கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறித் துணியில் பிடித்துக்கொள்ளும். எனவே நனைந்த போர்வையை அப்படியே காயப்போடக் கூடாது. காய்வதற்கு முன் அலசிவிட வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று உறுதியான பிறகே வீட்டுக்குள் போங்கள். காப்பீடு இருந்தால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள். ஈரப் போர்வையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீர் குடித்த பழந்துணி தன் பாரத்தாலேயே கிழியும். அடியில் ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்து, இருவராகத் தூக்குங்கள்.

நனைத்த வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் போர்வையை மடிக்கவோ ஊறவைக்கவோ வேண்டாம். விரித்துப் போட்டு, ஒற்றி எடுத்து, விஷயம் தெரிந்த சலவைக் கடையில் அன்றே கொடுங்கள். ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் என்பதையும் சொல்லுங்கள்.

சாயம் ஒட்டவில்லை என்றால் பெரிய தொட்டியில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு கம்பளிக்கும் பட்டுக்கும் விற்கிற மென்மையான சலவைத் திரவம் கொஞ்சம் போதும். தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். கம்பளிக்குச் சுடுதண்ணீர் ஆகவே ஆகாது, சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

குளோரின் பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள். அது துருக்கறையைப் போக்காது, இன்னும் அழுத்தமாகப் பதியவைக்கும். கம்பளியையும் பட்டையும் அரித்துவிடும். அதோடு எலுமிச்சை, வினிகர் போன்ற அமிலம் எதுவும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

காயவைப்பது நிழலில், கயிற்றுக் கட்டிலில் விரித்து, மின்விசிறிக் காற்றில். இஸ்திரிப் பெட்டியின் சூடு மிச்சக் கறையைப் பதியவைத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரிரண்டு நாளிலேயே பூஞ்சை வரலாம், ஆகவே சோம்பல் ஆகாது. முழுதாகத் துவைக்க உடனே நேரமில்லையா? அலசி, சுத்தமான பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அருங்காட்சியகங்களில் நனைந்த துணிகளுக்குப் பூஞ்சை வராமல் தடுக்கக் கையாளும் வழிதான் இது.

மாணவி அப்படியே செய்தாள். நான்காவது அலசலில் தண்ணீர் தெளிந்தது. நாற்றம் போய்விட்டது. ஓரத்தில் உள்ளங்கை அளவு பழுப்புத் தடம் மட்டும் நின்றுவிட்டது. "எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கட்டுமா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். புது வெள்ளைத் துணியானால் போட்டுப் பார்க்கலாம். நைந்துபோன பழைய நூலில் அமிலம் பட்டால் கறையோடு சாயமும் போகும், நூலும் இற்றுப்போகும்.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். போர்வை சுத்தமானால் போதும், புதிதாக வேண்டியதில்லை. "பளிச்" என்று ஆக்க வேண்டும் என்கிற ஆசைதான் பழைய பொருள்களைப் பாதி கொல்கிறது. மீதியை, "புதுசு வாங்கிக்கலாம்" என்கிற பேச்சு கொல்கிறது. பாட்டியின் தையலைப் புதிதாக எந்தக் கடையில் வாங்குவது? அதற்காகக் கண்மூடித்தனமாகவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அலசியும் நாற்றம் போகாவிட்டால், பூஞ்சை ஏறிவிட்டால், அதைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் குழாயைக் கடைசியாக எப்போது கழுவிவிட்டார்கள் என்று கேளுங்கள். நனைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். ஸ்பிரிங்க்ளரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உயிரைக் காப்பது. சூடு பட்ட குமிழ் மட்டும்தான் உடையும், சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டாது.

உங்கள் வீட்டில் இப்படிப் பாதுகாக்கிற போர்வையோ சேலையோ இருந்தால், அதைத் தைத்தவர் யார், உடுத்தியவர் யார் என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்