பெண்ணுக்கு ஜாமீன் யார்?

முதன்முறை ஒரு சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1936-ம் வருடத்திலேயே இதற்குச் சட்டம் உண்டு. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். 1958-ல் இந்திய சர்க்காரே பொதுச் சட்டம் செய்தது. 2024 ஜூலை முதல் அமுலிலிருக்கும், நம் வாயில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 401-வது பிரிவோ, தூக்குக்கும் ஆயுளுக்கும் உட்படாத குற்றமாயிருந்து, முன் தண்டனையும் இல்லையானால், எந்த ஸ்திரீயையும் இப்படி விடலாம் என்கிறது.

ஏட்டில் சரி. கந்தர்வகோட்டையில் நடவு நட்டுப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம் ஜாமீன் கேட்டால் அவள் எங்கே போவாள்? ஜாமீன்தாரர் என்றால் வீடு, நிலம் காட்டச் சொல்லுவார்கள். பெண்ணுக்கும் சொத்தில் சம பாத்தியதை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை ஆயிற்று. இன்றும் எத்தனை பட்டா பெண் பேரில் இருக்கிறது? ஆகவே அவள் புருஷனிடமோ அண்ணனிடமோதான் கையேந்த வேண்டும். கள்ளச் சரக்கை விற்கச் சொன்னவனே அவனாயிருந்தால்? தகப்பன், புருஷன், மகன் என்று மனு போட்ட பூட்டுக்குக் கோர்ட்டார் சாவி கொடுத்ததாக ஆகாதா? ஜாமீன் இல்லாமலே சொந்தப் பத்திரத்தில் விட 1958-ம் வருடச் சட்டம் இடங்கொடுக்கும்போது, அதைச் செய்வதற்கென்ன தடை?

நிற்க, இந்த "நன்னடத்தை" என்ற வார்த்தையைப் பாருங்கள். ஆணைப் பற்றி விசாரித்தால் வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா என்பார்கள். பெண்ணைப் பற்றியென்றால் தெருவே கூடி அவள் கற்பை அளக்கத் தொடங்கிவிடும். கோழி திருடியதற்கும் கற்புக்கும் என்ன சம்பந்தம்? நன்னடத்தை அலுவலர் தம் அறிக்கையில் ஊர்வம்புக்கு இடங்கொடுக்கலாகாது.

இப்போது சமுதாய சேவை என்றொரு தண்டனையும் வந்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இதுதான் தண்டனை. திருச்சி மகளிர் சிறைக்குப் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் வேலைக்குக் கூலி கிடையாது. அன்றாடக் கூலியில் கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு அந்த நாளின் அடுப்பு எரியாது. கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? அன்றியும், இன்ன வேலைதான் என்று சட்டம் சொல்லவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணானால் துடைப்பம், மேல்ஜாதிப் பெண்ணானால் புஸ்தகசாலை என்று பங்கு பிரிக்கப்படாது என்பதற்கு யார் உத்தரவாதம்? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் எழுத்தும் சைக்கிளும் கற்ற ஜில்லா இது. இங்கே துடைப்பத்தைத் தவிர வேறு வேலை இல்லையா? மாஜிஸ்திரேட்டு கனவான்கள் உத்தரவிலேயே வேலை இன்னது, நேரம் இவ்வளவு, இடம் அவள் வீட்டுக்கு அருகில் என்று எழுதட்டும். அவள் கூலி வேலை கெடாத நாளாகவும் பார்த்துக் குறிக்கட்டும்.