பழைய வேனும் சேற்றுப் பாதையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

அமாவாசை இரவில் மேல்மலையனூருக்கு வந்தவர்கள் அறிவார்கள். அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காணத் திரளும் மக்களோடு எத்தனை எத்தனை வண்டிகள்! அவற்றுள் வயது முதிர்ந்த ஆம்னி வேனுக்குத் தனி இடமுண்டு. நிறம் மங்கி, கதவு கடகடக்க, ஒரு குடும்பத்தையே சுமந்து வந்து நிற்கும் அந்த வேனைப் பற்றித்தான் எழுதப் புகுந்தேன். அறிவியல் மாணவனுக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணிவிட வேண்டாம். பாடப்புத்தகத்தில் படிக்கும் இயற்பியல் அந்த வேனின் அடியிலும் கிடக்கிறது.

இன்று நகரத்து இளைஞர் சிலர் பழைய சிறு வண்டியொன்றை வாங்கி, காடு மலைகளில் நெடும்பயணம் போவதற்கென்று அதை மாற்றியமைக்கின்றனர். ஆசை நல்லதுதான். அவர்களுக்குக் கரடுமுரடான பாதை பொழுதுபோக்கு. நமக்கோ அதுதான் வீட்டுக்குப் போகும் வழி. அந்த மோகம் நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டதால் என் கருத்தைச் சொல்ல விழைகிறேன்: பழைய வண்டியைப் பலப்படுத்துவோம், அலங்கரிக்க வேண்டாம்.

ஓர் ஐப்பசி மழையிரவு. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு எங்கள் ஏரிக்கரை வழியே சென்ற வேன் களிமண்ணில் சிக்கிக்கொண்டது. பார்வைக்கு மிடுக்கான வண்டி. பழைய கடையில் வாங்கிய அகன்ற டயர்கள், மேலே இரும்புக் கேரியர், அதில் நிறையச் சாமான்கள். பின்சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. ஒரு பக்கம் சாயவும் தொடங்கிற்று. பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கிக் குடைக்கீழ் அமர்த்தினோம். நானும் மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினேனே ஒழிய வேறொன்றும் தோன்றவில்லை. டயர் மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். "மேல் பாரத்த எறக்குங்கடா! பின்னால ரெண்டு பேரு ஏறுங்க. சக்கரத்துல காத்தக் கொஞ்சம் எறக்கி, ஓலையப் போடுங்க." அப்படியே செய்தோம். வண்டி கரையேறியது. தாயும் சேயும் நலம். நான்தான் தலைகுனிந்து வீடு திரும்பினேன். அவர் சொன்ன நான்கும் நான் தேர்வில் எழுதியவை அல்லவா?

ஆம்னியின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் இருக்கிறது, இழுப்பவையோ பின்சக்கரங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தால் அவற்றின்மேல் எடை குறைந்து, உராய்வும் குறைகிறது. பின்னால் இருவர் அமர்ந்ததும் பிடிப்புக் கூடுகிறது. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் பரப்பு விரிகிறது. தார்ச்சாலை வந்ததும் மறவாமல் மீண்டும் காற்றடிக்க வேண்டும். கூரைமேல் ஏற்றும் பாரம் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. பெரிய டயர் மாட்டினால் சக்கரத்தின் ஆரம் கூடி, அதே எஞ்சின் தரையில் தரும் இழுவிசை குறைகிறது. மேட்டில் கிளட்ச் கருகுகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தளர்ந்த பின் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவது. ரேடியேட்டரையும் பிரேக்கையும் சீராக்குவது. அளவான, பள்ளம் தேயாத டயர்களும் நல்ல ஸ்டெப்னியும் போடுவது. கயிறு, காற்றடிக்கும் பம்பு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை எடுத்துச் செல்வது. பலகை இல்லையேல் சேற்றில் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும். தண்ணீர் ஓடும் ஓடையைக் கண்டால் இறங்கிக் கழியால் அளந்து பார்ப்பது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்றது காலுக்கு மட்டுமா?

சட்டமும் இதையே கூறுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மனம்போனபடி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் அமைத்த அடிப்படை அமைப்பை மாற்றலாகாதென்று உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மேலே சொன்ன பணிகள் யாவும் பழுதுபார்த்தலேயன்றி உருமாற்றம் அல்ல.

பழைய வண்டி ஆபத்தானது என்பார்கள். மறுக்கவில்லை. 1984இல் வந்த இந்த வேன், புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஓட்டுநரின் காலுக்கு முன்னே மோதலைத் தாங்க ஒன்றுமில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் இதை விரட்டுவது அறிவீனம். மெல்லச் செல்வோருக்கே இது துணை.

ஆனால் பழைய அமைப்பு என்பதாலேயே ஒரு வண்டியை இகழ வேண்டியதில்லை. 1970களின் வாக்ஸால் காரை ஒட்டி உருவான நம் நாட்டுக் கான்டெஸ்ஸாவில்தான், கல்கத்தாவைச் சேர்ந்த சலூ சௌத்ரியும் அவர் துணைவியார் நீனாவும் 1989இல் ஆறு கண்டங்களைச் சுற்றி, 70 நாட்களுக்குள் டெல்லி திரும்பினர்.

செஞ்சியிலும் திண்டிவனத்திலும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன்மார் கையால் அறிந்ததை நாம் சூத்திரமாக அறிந்திருக்கிறோம். இரண்டும் சந்திக்கவில்லை. நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். அவர்களை ஆசிரியராக அழைப்போம். வேன் ஓட்டுநர்களோடு நாமும் மாணவராக அமர்வோம். அடுத்த மழையிரவில் சேற்றில் நிற்கும் வண்டிக்கு, தள்ளும் தோள் மட்டுமன்றிச் சிந்திக்கும் தலையும் வேண்டும். பட்டம் பெறப்போகும் நாம் ஊருக்குத் தர வேண்டியது அதுவே.