விலை விழுந்தால் நம் தலையில், ஏறினால் யார் மடியில்?



கொல்லங்கோட்டில் நின்று தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை. அதற்கும் அப்பால் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு. இம்மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: "சந்தை சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்."

பொறுத்தோம். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தது. பீர்மேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் போட்டுவிட்டுப் போனார்கள். கூலி பாக்கி, பணிக்கொடை பாக்கி. லயத்துக் கூரை ஒழுகியது, கேட்பாரில்லை. நம் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போனார்கள். நேற்றுவரை நிரந்தரத் தொழிலாளி, இன்று அன்றாடக் கூலி!

2015 செப்டம்பரில் மூணாறில், லாபம் குறைந்தது என்று போனசை 10 சதவீதமாக வெட்டினார்கள். பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் விடவில்லை. ஒன்பது நாளில் போனசும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆக உயர்ந்தது. கூடவே, பறிக்கவேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது! கூலி உயர்வின் ஒரு பகுதியை நம் முதுகிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, விலை ஏறும்போது? 2020இல் ஏலச் சந்தையில் தேயிலை விலை ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மழையை முதலாளி பெய்விக்கவில்லை. ஆனால் மலையடியில் வரிசை லயத்தில் நம்மைக் குடிவைத்தது மழையா? வீடு தருவது தோட்டத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நல்ல விலை விற்ற ஆண்டுகளில் கட்டிய நல்ல வீடுகள் எங்கே?

இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களைத் தற்காலிகமாக எடுக்கிறார்கள். அவர்கள்மேல் கோபம் வேண்டாம். நம் பாட்டன் மலையேறியதும் இதே பசியோடுதான். அவர்களும் நிரந்தரமானால்தான் நம் நிரந்தரம் நிலைக்கும்.

நாம் கேட்பது இதுதான்: ஓய்வுபெறும் நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் நிரந்தரத் தொழிலாளியே வரவேண்டும். கூலியோடு கிலோ ஏறக்கூடாது. லாப ஆண்டில் முதல் செலவு லயத்துக்கு!

நட்டத்தில் பங்கு கேட்பவர்களிடம் லாபத்தில் பங்கு கேட்போம். ஒன்றாய் நின்று கேட்போம்!