இலவச மென்பொருளுக்குப் பணம் வாங்கலாமா?

செங்கல்பட்டு கடைவீதியிலும் மாமல்லபுரம் வரையிலான கடற்கரைச் சாலைக் கடைகளிலும் கம்ப்யூட்டர் பில் வந்தபின் நம் வணிகர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, இது நியாயமா, சட்டப்படி செல்லுமா என்பதே அது.

சந்தேகம் வருவது இயல்பு. ரேஷன் அரிசியை வாங்கி விற்றால் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் பாயும். பற்பசையோடு வரும் இலவச பிரஷ்ஷைத் தனியே விற்றால் கம்பெனிக்காரர் சண்டைக்கு வருவார். ஆகவே இலவசம் என்றாலே விற்கக்கூடாதது என்று நாம் பழகிவிட்டோம். திறந்த மூல மென்பொருளின் சங்கதி வேறு. விற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். இவ்வியக்கத்தைத் தொடங்கிய அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985-ல் தமது ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் காலம் தள்ளினார். அவர் வகுத்த ஜி.பி.எல். உரிமத்தின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு, பிரதிக்கு எந்த விலையும் வைக்கலாம் என்றே கூறுகிறது. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்னும் வணிகக் கணக்கு மென்பொருள் இந்த உரிமத்தில்தான் வருகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பி பல்லவர் காலத்து யானையைப் பார்த்துச் செதுக்கி விற்கிறார். கல்லுக்கும் உளிக்கும் காசு கேட்பதை யாரும் குறை சொல்வதில்லை. அந்த உருவமே எனக்குச் சொந்தம், வேறெவரும் செதுக்கக்கூடாது என்று அவர் சொன்னால் சிரிக்க மாட்டோமா? ஜி.பி.எல். தடுப்பது இதைத்தான். விற்பவர் மூல நிரலையும் தரவேண்டும். வாங்கியவர் இன்னொருவருக்கு நகல் கொடுப்பதைத் தடுக்கக்கூடாது. எழுதியவரின் காப்புரிமைக் குறிப்பை அழிக்கவும் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகி, 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி அத்துமீறல் ஆகிவிடும். (எல்லா உரிமங்களும் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல, சில மூல நிரலைக் கேட்பதில்லை.)

காசில்லாமல் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று தரப்படுவதை விற்க அனுமதி கிடையாது. திருட்டு நகல் என்று தெரிந்தே கடையில் ஓட்டினால் மாட்டுவது விற்றவர் மட்டுமல்ல. அச்சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தீபாவளிக் கூட்டத்தில் பில் நின்றுபோனால் ஓடிவந்து சரிசெய்யும் பையனுக்குக் கூலி கொடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. அவர் வேலைக்குக் கேட்பது நியாயமான காசு. ஊரார் எழுதிய மென்பொருளைத் தம் சொந்தத் தயாரிப்பு என்று சொல்லி, வருடாவருடம் 'லைசென்ஸ் பணம்' வசூலித்து, கட்டாவிட்டால் கணக்கு திறக்காது என்று பயமுறுத்துவதைத்தான் நாம் ஏமாற்று என்கிறோம்.

எனவே வணிகப் பெருமக்கள் ஆர்டர் கொடுக்குமுன் மென்பொருளின் பெயர், உரிமத்தின் பெயர், நிறுவும் கூலி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைப் பில்லில் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.