அம்புக்குறி கீறினால் பொறிமுறை விளங்கியதாகுமா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோரே, உயர்தரம் படிக்கிற உங்கள் பிள்ளையின் இரசாயனவியல் ரியூட்டை ஒருதரம் விரித்துப் பாருங்கள். வளைந்த அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அச்சடித்தே கிடக்கும். பிள்ளை பாடமாக்கும், புள்ளி விழும். இதைச் சேதன இரசாயனம் படிப்பது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

பியூற்-1-ஈனுடன் ஐதரசன் புரோமைட்டு சேரும் தாக்கத்தை எல்லோரும் கீறுவார்கள். வரும் 2-புரோமோபியூட்டேனில் வலக்கை வடிவமா, இடக்கை வடிவமா கூட என்று கேட்டால் வகுப்பே அமைதி. இடையில் வரும் காபோகற்றயன் தட்டையானது, புரோமைட்டு இரண்டு பக்கத்தாலும் ஒரேயளவு வரலாம், ஆகவே சரிபாதி. இவ்வளவுதான். அம்புக்குறிக்குள்ளேதான் விடை இருந்தது.

சரிபாதி போதாத இடமும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபாவில் ஒரு கைதான் மருந்து, மற்றது உதவாது. அமெரிக்காவின் மொன்சான்ரோ கம்பனியில் வில்லியம் நோல்ஸ், கைவடிவமுள்ள பொசுபீன் கட்டிய உரோடியத்தை ஊக்கியாக வைத்து வேண்டிய கையையே பெரும்பாலும் எடுத்தார். 2001இல் நொயோரி, ஷார்ப்லெஸ் ஆகியோருடன் நோபல் பரிசும் வந்தது. (அவர் ஐதரசனேற்றிய மூலப்பொருள் சினமிக் அமிலக் குடும்பம். நம்மூர்க் கறுவாவின் பெயர்தான் அது!)

மருந்து வந்துவிட்டது. ஏன் அந்தக் கை மட்டும்? மூலக்கூறு உரோடியத்தில் இரண்டு விதமாக ஒட்டலாம். கூடுதலாக ஒட்டி நிற்பதுதான் விளைவைத் தரும் என்றே எவரும் நினைப்பார்கள். சிக்காகோவில் ஜக் ஹல்பேர்ன் வேகங்களை அளந்து பார்த்தார். தலைகீழ்! குடுவையில் கொஞ்சமாக இருந்த வடிவம்தான் ஐதரசனோடு நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகத் தாக்கமடைந்து விளைவைத் தந்தது. அது தீரத் தீர மற்றது அதுவாக மாறி இடத்தை நிரப்பியது. ஐதரசன் அழுத்தத்தைக் கூட்டினால் இந்த மாறலுக்கு நேரம் போதாமல் தெரிவு கெடும். பொறிமுறை தெரியாதவர் வேகமாக முடிக்க அழுத்தத்தைத்தான் கூட்டுவார்.

"இது சோதனைக்கு வராதே சேர்" என்பீர்கள். உரோடியம் வராது, சரி. அம்புக்குறி ஏன் அங்கே போகிறது என்ற கேள்வி பல்கலைக்கழக முதல் வருடத்திலேயே வரும். ரியூட்டை மட்டும் நம்பிப் போன பிள்ளைகள் அங்கே முழிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

இந்தத் தவணை இரண்டு பாடவேளை களிமண்ணும் ஈர்க்கும் வைத்து மூலக்கூறு செய்யப்போகிறோம். "சிலபஸ் பிந்துது" என்று வட்ஸ்அப் குறூப்பில் சண்டைக்கு வராதீர்கள். வருவதென்றால் வகுப்புக்கே வாருங்கள், ஒரு காபனை நீங்களும் உருட்டலாம்.