பெட்டிப் பாம்பும் சட்டமும்

பக்கத்து வளவில் ஒருவர் நல்லபாம்பைப் பெட்டியில் அடைத்து வளர்த்தால் அதைத் தடுக்கச் சட்டம் உண்டா? வினாயகபுரத்து விவசாயிகள் சிலர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. கேலிக்குரிய கேள்வியன்று. சட்டம் பயின்ற நாமே உடனே விடையிறுக்க இயலாது தயங்கினோம்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் விலங்கை மனிதனிடமிருந்து காக்கப் பிறந்தவை. அயலவனைப் பாம்பிடமிருந்து காக்கப் பிறந்தவை அல்ல. உயிர் போன பின்னர் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு விழித்துக்கொள்ளும். கவலையீனத்தால் மரணம் விளைவித்தவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். நட்டஈடு கோருவோர் ரோம டச்சுச் சட்டத்தை நாட வேண்டும். அதன் பழைய விதியொன்று, வளர்ப்பு மிருகம் தன் இயல்புக்கு மாறாகத் தீங்கிழைத்தால், உடைமையாளன்மீது பிழையில்லாவிடினும் அவனே பொறுப்பு என்கிறது. சாதுவான மாடு முட்டினால் இவ்விதி பொருந்தும். பாம்பு கடித்தாலோ? கடிப்பது அதன் இயல்பல்லவா! ஆகவே வளர்த்தவனின் கவலையீனத்தை வழக்காளி நிரூபித்தாக வேண்டும். இவையெல்லாம் பாடை கட்டிய பின் வரும் பரிகாரங்கள்.

பல்லைப் பிடுங்கிவிட்டோம், இனி அச்சமில்லை என்பார்கள். நச்சுப்பல் விழுந்த இடத்தில் மறுபல் வரும். பின்னே மாற்றுப் பற்கள் எப்பொழுதும் காத்திருக்கின்றன. நஞ்சுப்பையோ அப்படியே இருக்கிறது. பெட்டி வைத்திருப்பவன் வீட்டில் விஷமுறிவு மருந்து இராது. அவன் கடியுண்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும். முதல் வேளைக்கே பத்து, இருபது குப்பிகள் தேவைப்படலாம். வட்டையில் வரம்பு கட்டும்போது கண்ணாடி விரியனிடம் கடியுண்ட விவசாயிக்கும் அதே அலுமாரியிலிருந்துதான் மருந்து வரவேண்டும். 2012–13இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வு, ஓராண்டில் சுமார் 80,000 பாம்புக்கடிகளும் 464 மரணங்களும் நேர்வதாக மதிப்பிட்டது. இப்படிப்பட்ட நாட்டில் நச்சுப்பாம்பு வளர்ப்பது ஒருவரின் சொந்தப் பொழுதுபோக்கு என்று எவ்வாறு விட்டுவிடுவது?

பொழுதுபோக்குக்காக நச்சுப்பாம்பு வளர்ப்பதைத் தெளிவான சொற்களில் தடைசெய்ய வேண்டும் என்பதே எமது நிலை. ஆனால் தடை யார் தலையில் முதலில் விழும்? கொழும்பில் கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்கும் செல்வந்தர்மீதா? அல்ல, எமக்கு அயலிலுள்ள அளிக்கம்பை மக்கள்மீது விழும். ஆலையடிவேம்புப் பிரதேசத்தில் வாழும் தெலுங்கு பேசும் இக்குறவர் சமூகத்தாருக்குப் பாம்பாட்டலும் குறி சொல்லலும் பரம்பரைத் தொழில்கள். பலர் வேறு தொழில்களுக்கு மாறிவிட்டனர் என்பது உண்மையே. எனினும் பாம்பின் புற்றையும் போக்கையும் அறிந்த கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன.

தமிழகத்து இருளர்கள் கதை இங்கே நினைக்கத்தக்கது. தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அப்பிழைப்பைப் பறித்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், அரசின் அனுமதிப்படி, வரையறுத்த தொகைப் பாம்புகளையே பிடிக்கிறார்கள். சில வாரம் மண்பானையில் வைத்து, நான்குமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்தே போகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எமது ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படுவதும் இந்திய மருந்தே. அது இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது; எம் தோட்டங்களில் ஏராளமாகக் கடிக்கும் குழிவிரியனுக்கு அதில் மாற்றில்லை. இலங்கைப் பாம்புகளின் நஞ்சிலிருந்தே மருந்து செய்ய முடியும் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் கொஸ்தாரிக்கா ஆய்வாளரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆகவே தடையை எழுதும் அதே சட்டத்தில், நஞ்செடுக்கும் கூட்டுறவுக்கு அனுமதி வழங்கும் பிரிவும் இருத்தல் வேண்டும். அதன் முதல் உரிமை அளிக்கம்பைக்குக் கிடைக்க வேண்டும். அம்மக்களை அழைத்துப் பேசாமல் தலைநகரில் தீட்டப்படும் எந்த வரைவையும் நாம் எதிர்ப்போம்.